சர்டிபிகேஷன் தேர்வுக்கு எதைப் படிப்பது, எதை ஒதுக்குவது: நீலகிரியிலிருந்து தொடங்குபவர்களுக்கு

பாலிடெக்னிக்கோ, ஐடிஐயோ, பி.எஸ்சி. கணினி அறிவியலோ முடித்துவிட்டு, "சிசிஎன்ஏ எழுதலாமா, ஏ பிளஸ் எழுதலாமா, கிளவுட் பக்கம் போகலாமா" என்று யோசிக்கும் பிள்ளைகள் நம் மலையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நடத்தும் நெட்வொர்க் தேர்வு, ஏ பிளஸ் என்பது காம்ப்டியா நடத்தும் கணினிப் பராமரிப்புத் தேர்வு, கிளவுட் என்பது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் லாட்ஜ், ரிசார்ட், தேயிலைத் தொழிற்சாலை என்று நெட்வொர்க் வேலைக்குப் போகும் இடங்களில் அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்தப் புக் வாங்கலாம்?"

ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்தத் துறையில் இன்றைக்கு நல்லதாக இருக்கும் புத்தகம் அடுத்த வருஷம் பழசாகிவிடும். புத்தகமோ, வீடியோவோ, யாரோ அனுப்பிய பிடிஎஃபோ, எது கைக்கு வந்தாலும் அதை நம்பலாமா என்று நீங்களே பார்த்துச் சொல்லத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். இன்றைய மதிப்பில் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது, வரி தனி. பச்சைத் தேயிலை விலையை நம்பி ஓடும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. தவறான பாடத்தைப் படித்துவிட்டு அந்தப் பணத்தைக் கட்டக் கூடாது.

முதலில் தேர்வின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

"சிசிஎன்ஏ புக் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார். தேர்வின் பெயர் பல வருஷம் அப்படியே இருக்கும், மாறுவது எண். சிசிஎன்ஏவின் இப்போதைய எண் 200-301. இது 2020 பிப்ரவரி 24 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் இருந்தது 200-125. காம்ப்டியா ஏ பிளஸ்ஸுக்கு இரண்டு தாள்கள்: 220-1201, 220-1202. இவை 2025 மார்ச்சில் வந்தன. பழைய 1101, 1102 தாள்கள் அதே ஆண்டு செப்டம்பரோடு ஆங்கிலத்தில் நின்றுவிட்டன. காம்ப்டியாவின் பாதுகாப்புத் தேர்வான செக்யூரிட்டி பிளஸ்ஸில் எஸ்ஒய்0-701 வந்தது 2023 நவம்பரில். அமேசானின் தொடக்கநிலைக் கிளவுட் தேர்வான கிளவுட் பிராக்டிஷனர் 2023 செப்டம்பரிலிருந்து சிஎல்எஃப்-சி02. நீங்கள் படிக்கும் நேரத்தில் இவற்றில் ஏதாவது மாறியிருக்கக்கூடும். அதனால் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய தாள் என்று நிற்கப்போகிறது என்பதையும் அங்கேயே போட்டிருப்பார்கள்.

எண் மாறாமலேயே உள்ளே இருப்பது மாறுவதும் உண்டு. 200-301 தேர்வுக்கு 2024 ஆகஸ்டில் 1.1 என்ற பதிப்பு வந்தது. அட்டையில் 200-301 என்று போட்ட எல்லாப் புத்தகமும் இதற்குச் சரியாக வராது. மைக்ரோசாஃப்ட்டில் இது இன்னும் அதிகம். அவர்களின் கிளவுட் அடிப்படைத் தேர்வான ஏஇசட்-900 என்ற எண் வருஷக்கணக்காக அப்படியே இருக்கிறது, பாடம் மட்டும் அவ்வப்போது மாறுகிறது. எந்தத் தேதி முதல் எந்தப் பாடம், முன்பு இருந்ததில் என்ன மாறியது என்று அவர்களின் படிப்பு வழிகாட்டிப் பக்கத்திலேயே அட்டவணை இருக்கும். புத்தகம் வாங்குவதற்கு முன் அதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

பாடத்திட்டத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

எந்தச் சர்டிபிகேஷனாக இருந்தாலும், தேர்வில் என்னென்ன வரும் என்ற தாளை நடத்தும் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. எவ்வளவோ பணம் செலவழிக்கும் பிள்ளைகள் இந்தத் தாளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சேரிங்கிராஸிலோ குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலோ ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் சில ரூபாயில் அச்சாகிவிடும். அதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

சிசிஎன்ஏ தாளில் ஆறு பகுதிகள் இருக்கின்றன. நெட்வொர்க் அடிப்படைக்கு 20 சதவீதம், சுவிட்ச், விலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), வயர்லெஸ் அடங்கிய பகுதிக்கு 20, ரூட்டிங்குக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பாருங்கள். ரூட்டிங்குக்கு நாலு பக்கமும் கேபிள் வகைகளுக்கு நாற்பது பக்கமும் ஒதுக்கிய புத்தகம் இந்தத் தேர்வுக்காக எழுதப்பட்டது இல்லை.

தாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் இருக்கும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழியைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் ரூட்டிங்குக்கு முன் "கான்ஃபிகர், வெரிஃபை" என்று இருக்கும். அதாவது ரூட்டரில் கையால் செய்யவும், செய்தது ஓடுகிறதா என்று பார்க்கவும் தெரிய வேண்டும். ஒரு ரூட்டர் நின்றால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும் ஃபர்ஸ்ட் ஹாப் ரிடண்டன்சிக்கு "டிஸ்கிரைப்" என்றுதான் இருக்கும். அது எதற்கு, எப்படி ஓடுகிறது என்று புரிந்தால் போதும், கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை இந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன. வீடியோ நடத்துபவர் "டிஸ்கிரைப்" தலைப்பில் மூன்று மணி நேரம் கட்டளை அடித்துக்கொண்டிருந்தால் தள்ளிவிட்டுப் போகலாம்.

அச்செடுத்த தாளின் ஓரத்தில் பேனாவால் மூன்று கட்டம் போடுங்கள். எங்கே படித்தேன், லேப் (கையால் செய்து பார்க்கும் பயிற்சி) செய்தேனா, இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியுமா. கையிலிருக்கும் பாடம் எந்தத் தலைப்பைத் தொடவே இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எந்த ஒரு புத்தகமும் முழுத் தாளையும் நிரப்பாது. நிரப்பாத இடத்துக்கு மட்டும் வேறு பாடம் தேடினால் போதும். அஞ்சு கோர்ஸ் வாங்கி அஞ்சையும் பாதியில் விடும் பழக்கம் இதிலேயே நின்றுவிடும்.

புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிப்பது

வெளியான ஆண்டு முதல் சில பக்கங்களுக்குள் இருக்கும். ஆனால் மறுபதிப்புத் தேதியைப் புதுப் பதிப்பு என்று நினைத்து ஏமாறுவது உண்டு. வீடியோவிலும், பழைய பாடத்துக்குப் புது வருஷம் போட்டுத் தலைப்பை மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். அதனால் உள்ளே இருக்கும் சில அடையாளங்களைப் பார்க்க வேண்டும்.

சிசிஎன்ஏ பாடத்தில் ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறைக்கு ஒரு அத்தியாயமே இருந்தால் அது மிகப் பழசு, தொடவே வேண்டாம். ஆட்டோமேஷன் பகுதியே இல்லையென்றால் 2020க்கு முந்தையது. ஆட்டோமேஷன் இருந்து, அதில் பப்பெட், செஃப் என்ற கருவிகளின் பெயர்கள் வந்து டெராஃபார்ம் வரவில்லையென்றால் 1.1க்கு முந்தையது. இந்தக் கடைசி வகையைத் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பகுதி சரியாகவே இருக்கும். விட்டுப்போனதை மட்டும் பாடத்திட்டத் தாளை வைத்து நிரப்பிக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்ட் பாடம் முழுக்க "அஸூர் ஆக்டிவ் டைரக்டரி" என்றே சொல்லிக்கொண்டு போனால் அது 2023 ஜூலைக்கு முன்னால் எழுதியது. அப்போதுதான் அதற்கு என்ட்ரா ஐடி என்று பெயர் மாற்றினார்கள். அமேசான் பாடத்தில் "ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ" என்று இருந்தால் 2022க்குப் பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை என்று பொருள். இப்போது அதன் பெயர் ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர். ஏ பிளஸ் புத்தகம் விண்டோஸ் 7ஐ மையமாக வைத்துப் பேசினால் கீழே வைத்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது.

அதே சமயம், பழசு என்றாலே குப்பை என்றும் நினைக்க வேண்டாம். வீடு, ஆபீஸ் என்று உள்ளுக்குள் பயன்படுத்தும் 10, 172.16, 192.168 முகவரிகளை ஒதுக்கிய விதி 1996இல் வந்தது, இன்றும் அதுதான். சப்நெட் கணக்கு (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), டிசிபி எப்படி இணைப்பை ஏற்படுத்துகிறது, ஓஎஸ்ஐ அடுக்குகள் எல்லாம் மாறவில்லை. நூலகத்தில் கிடைக்கும் பத்து வருஷப் பழைய புத்தகம் இந்த அடிப்படைக்குத் தாராளமாகப் போதும். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களும் அப்படித்தான். எந்தத் தேர்வு எண்ணுக்காகவும் எடுத்தவை இல்லை, ஆனால் "ஏன் இப்படி" என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கும். பார்க்கக் காசு வேண்டாம்.

தரத்தைச் சோதிப்பது

புதுசாக இருப்பதெல்லாம் நல்லதாக இருக்காது. வாங்குவதற்கு முன் மாதிரி அத்தியாயத்தையோ இலவச வீடியோவையோ எடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தலைப்பில் முதலில் பாருங்கள். சப்நெட் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். /26 என்றால் 64 முகவரி, கருவிகளுக்குத் தரக்கூடியது 62. இதை எல்லாரும் சொல்வார்கள். அந்த இரண்டு எங்கே போயிற்று, ஒன்று நெட்வொர்க்கின் முகவரி, ஒன்று பிராட்காஸ்ட் என்று காரணத்தோடு சொல்கிறார்களா? அல்லது "இந்த டேபிளை மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று நகர்ந்துவிடுகிறார்களா? தெரிந்த இடத்தில் இப்படி நழுவுகிறவர், உங்களுக்குத் தெரியாத இடத்திலும் நழுவுவார். அங்கே அதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம், எழுதியவர் யார் என்று பாருங்கள். பெயர் இருக்கிறதா, அந்தத் தேர்வையோ அதற்கு மேல்நிலைத் தேர்வையோ முடித்தவரா, அந்த வேலையைச் செய்தவரா? நல்ல பதிப்பகங்கள் பிழைத்திருத்தப் பட்டியலைத் தங்கள் தளத்தில் வெளியிடும். பிழை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்தப் பாடங்களில் பிழை வராமல் இருக்காது. வந்த பிழையை ஒத்துக்கொண்டு திருத்துகிறவர்களை நம்பலாம்.

பியர்சன், வைலி போன்றவர்களின் இந்தியப் பதிப்புகள் வெளிநாட்டு விலையைவிட மிகக் குறைவு. வாங்கும்போது அட்டையில் தேர்வு எண்ணையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். கூடவே வரும் ஆன்லைன் பயிற்சித் தேர்வு இந்தியப் பதிப்பிலும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோவையில் செகண்ட் ஹேண்டில் எடுத்தால் அந்தத் தேர்வைத் திறக்கும் ரகசிய எண்ணை முன்னால் வைத்திருந்தவர் பயன்படுத்தியிருப்பார், அது உங்களுக்கு வேலை செய்யாது. விலை பேசும்போது இதைக் கணக்கில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், பாதி விலைக்கு அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

டம்ப்ஸ் வேண்டாம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள்கூட இதில் விழுகிறார்கள். டம்ப்ஸ் என்பது, தேர்வு எழுதியவர்கள் மனப்பாடம் செய்தோ திருட்டுத்தனமாகவோ வெளியே கொண்டுவந்த கேள்விகளின் தொகுப்பு. டெலிகிராம் குழுவில் இலவசமாகச் சுற்றும், சில தளங்களில் விலைக்கும் விற்கும். "அதே கேள்விதான் வரும்" என்று நண்பர் சொல்வார். வந்தாலும் வரலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஊட்டியில் ஒரு லாட்ஜ். அறை எல்லாம் நிரம்பியிருக்கிறது. வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் பாதிப் பேருக்கு இணையம் வரவில்லை. ஒருவரின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காததால் லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அங்கே இருந்தது ஒரே /24, அதாவது 254 முகவரி. நேற்று அறையைக் காலி செய்துபோனவர்களின் ஃபோன்கள் எடுத்த முகவரிகள்கூட இன்னும் திரும்பி வரவில்லை, ஏனென்றால் ஒரு முகவரியை ஒருவர் வைத்திருக்கும் குத்தகை நேரத்தை நாட்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதைச் சில மணி நேரமாகக் குறைத்து, /23ஆக விரித்தால் 510 முகவரி கிடைக்கும், சரியாகிவிடும்.

இதில் வந்தவை எல்லாமே சிசிஎன்ஏ பாடத்தில் இருப்பவைதான். டம்ப்ஸ் படித்தவருக்கு "169.254 வந்தால் விடை சி" என்று தெரிந்திருக்கும். லாட்ஜ் முதலாளி எதிரில் நிற்கும்போது அந்த "சி" எதற்கும் உதவாது. கோவையில் நேர்காணலுக்குப் போனாலும் இதே கதைதான். சான்றிதழைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வியே "ஒரு பிசிக்கு ஐபி வரலைன்னா எங்கிருந்து பார்ப்பீங்க?" என்ற மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, டம்ப்ஸில் விடைகளே பல இடத்தில் தப்பு. யாரோ ஞாபகத்திலிருந்து எழுதிய கேள்விக்கு யாரோ ஊகித்த விடை. எதற்கு இந்த விடை என்று விளக்கம் இருக்காது, அதனால் தப்பு என்றே தெரியாமல் அதை மனசில் ஏற்றிக்கொள்வீர்கள்.

ஆபத்தும் இருக்கிறது. தேர்வு தொடங்கும் முன் திரையில் ஒரு ரகசிய ஒப்பந்தம் வரும், அதை ஏற்றால்தான் கேள்வி திறக்கும். டம்ப்ஸ் பயன்படுத்துவதும், கேள்விகளை வெளியே சொல்வதும் விதிமீறல். சிஸ்கோ, காம்ப்டியா, மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாருடைய விதிகளிலும் முடிவை ரத்து செய்யவும், சான்றிதழைத் திரும்பப் பெறவும், மீண்டும் எழுத விடாமல் தடுக்கவும் இடம் இருக்கிறது. விடைகளின் போக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த நேரம் இதையெல்லாம் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கட்டிய பணம் திரும்பாது. தேர்வு எழுதிவிட்டு வந்த நண்பரிடம் "என்ன கேள்வி வந்தது?" என்று கேட்டு அவரையும் சிக்கலில் விடாதீர்கள். "எந்தப் பாடம் உதவியது?" என்று கேளுங்கள்.

டம்ப்ஸ் தளத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உலகத்தில் உள்ள எல்லா நிறுவனத்தின் எல்லாத் தேர்வுக்கும் ஒரே இடத்தில் கேள்வித்தாள் விற்பார்கள். "நிஜத் தேர்வுக் கேள்விகள்", "நூறு சதவீதம் பாஸ், இல்லையென்றால் பணம் வாபஸ்", "போன வாரம் வந்த கேள்விகள்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. நேர்மையான பயிற்சிக் கேள்வித் தொகுப்பு, இவை நாங்களே எழுதியவை என்று சொல்லும். சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் விளக்கும். அந்த விளக்கம்தான் பயிற்சிக் கேள்வியின் மதிப்பு. விளக்கம் இல்லாத கேள்வித் தொகுப்பை, சட்டப்படி சரியானதாக இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

லேப் இல்லாத பாடம் அரைப் பாடம்

சிசிஎன்ஏவுக்கு, கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி இறக்கிக்கொள்ளலாம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். லினக்ஸுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதில் ராக்கி லினக்ஸோ ஆல்மா லினக்ஸோ ஏற்றுங்கள். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டே தனிநபர்களுக்கு இலவச டெவலப்பர் சந்தா தருகிறது. 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. 4 ஜிபிதான் என்றால் வரைகலைத் திரை எதுவும் இல்லாத டெக்ஸ்ட் நிறுவலாக ஒன்றை மட்டும் ஓட்டுங்கள்.

ரெட் ஹாட்டின் லினக்ஸ் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏவில் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. நிஜக் கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும், அதுவும் மெஷினை ரீபூட் செய்த பிறகும் நீங்கள் செய்தது நிலைத்து நிற்க வேண்டும். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இதற்கு யாராவது ஐந்நூறு "அப்ஜெக்டிவ்" கேள்விகள் விற்றால், அவருக்குத் தேர்வைப் பற்றி எதுவுமே தெரியாது. நல்ல பாடம் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் செய்ய ஒரு வேலையைக் கொடுக்கும், ரீபூட் செய்து பார் என்று சொல்லும்.

கிளவுட் லேப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கார்டு எண் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் முதல் நாளே பட்ஜெட் அலாரம் வையுங்கள், திறந்த சர்வரை அன்றைக்கே அழியுங்கள். அமேசானின் ஸ்கில் பில்டரிலும் மைக்ரோசாஃப்ட் லேர்னிலும் இலவசப் பாடங்களும் பயிற்சிக் கேள்விகளும் உண்டு. கிளவுட் பிராக்டிஷனர், ஏஇசட்-900 இரண்டுக்கும் இவற்றையே முதன்மைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். பணம் போட்டு வேறு எதையும் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவது

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் தயங்குவது இங்கேதான். தமிழில் நெட்வொர்க்கிங், லினக்ஸ், கிளவுட் நடத்தும் நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. தயங்காமல் பாருங்கள், தாய்மொழியில் புரிந்தது மறக்காது. ஆனால் தேர்வு ஆங்கிலத்தில். சிசிஎன்ஏ ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் மட்டும்தான் நடக்கிறது. அதனால் ஒரு தலைப்பைத் தமிழில் கேட்ட அன்றே, அதே தலைப்பை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் படித்துவிடுங்கள். "எது இல்லை", "முதலில் எதைச் செய்வீர்கள்", "எந்த இரண்டு" என்ற மாதிரி கேள்வியைச் சுழற்றிக் கேட்பார்கள். அந்த ஆங்கிலத்துக்குப் பழக வேண்டும். அமேசான் தேர்வுகளில், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேதி எடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கோச்சிங் சேர்வதாக இருந்தால்

கோவைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கப்போகிறீர்கள் என்றால் கட்டணத்தோடு தங்கும் செலவும் சேரும். சேரும் முன் நேரில் கேளுங்கள்: எந்தத் தேர்வு எண்ணுக்கு நடத்துகிறீர்கள், நடத்தப்போகும் ஆசிரியர் யார், அவருடைய சான்றிதழ் இப்போது செல்லுபடியாகிறதா? சிஸ்கோ, காம்ப்டியா, அமேசான் சான்றிதழ்கள் மூன்று வருஷத்துக்குத்தான். அவற்றை இணையத்திலேயே சரிபார்க்கும் வசதி இருக்கிறது, கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. லேப்பில் ஆளுக்கு ஒரு மெஷினா? ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கவிடுவீர்களா? "கடைசி வாரத்தில் கொஸ்டின் பேங்க் தருவோம், அதைப் படிச்சாலே பாஸ்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் துறைக்கு என்ன பாடம் இருக்கிறது என்று முதலில் கல்லூரியிலேயே விசாரியுங்கள்.

மழைக்கு முன்னால்

கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அக்டோபருக்குப் பிறகு. கரண்டும் நெட்டும் போகும் என்பதைக் கணக்கில் வைத்தே பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பில் இறக்கிவைத்து நெட் இல்லாமல் பார்க்க முடியுமா, பிடிஎஃபாகவோ அச்சாகவோ கிடைக்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பிரவுசரில் மட்டுமே ஓடும் லேப்பை நம்பி ஜூலையில் உட்கார முடியாது. லினக்ஸ் ஐஎஸ்ஓ மாதிரியான பெரிய கோப்புகளை வெயில் காலத்திலேயே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாலு நண்பர்களுக்கும் கொடுக்கலாம். இவை இலவச மென்பொருள், பகிர்வதில் தவறில்லை. திருட்டு பிடிஎஃப் அப்படி இல்லை. எழுதியவரின் உழைப்பு ஒரு பக்கம், அது எந்தப் பதிப்பு, யார் எந்தப் பக்கத்தை விட்டார்கள், கூட என்ன வைரஸ் வருகிறது என்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது.

பயிற்சித் தேர்வும் நிஜத் தேர்வும்

முழுப் பயிற்சித் தேர்வைப் பாடம் முடிந்த பிறகு எழுதுங்கள், முன்னால் வேண்டாம். சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. சிசிஎன்ஏவுக்கு 120 நிமிடம். அதனால் திரும்பிப் போக விடாத பயிற்சித் தேர்வாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது நீங்களே அப்படிக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொகுப்பை மூன்றாவது முறை எழுதி 95 எடுத்தால் அது ஞாபகசக்தியின் மார்க். இதுவரை பார்க்காத வேறு தொகுப்பில் என்ன வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

வீட்டிலிருந்தே வெப்கேம் முன்னால் எழுதும் வசதி உண்டு. ஆனால் நடுவில் கரண்ட் போனாலோ, யாராவது அறைக்குள் வந்தாலோ தேர்வே நின்றுபோகலாம். நம் ஊர் நிலைமைக்கு, கோவையில் இருக்கும் பியர்சன் வியூ தேர்வு மையத்துக்குப் போவதே மேல். ஊட்டியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை. கோடை சீசனில் குன்னூர் வழியை ஏறுவதற்கும் கோத்தகிரி வழியை இறங்குவதற்கும் என்று மாற்றிவிடுவார்கள். நவம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் எப்போது வழி திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முந்தின நாளே இறங்கிவிடுங்கள். பதிவு செய்யும்போது பெயர், அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். நம் இனிஷியலை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் விரித்துப் பின்னாலும் போடும் வழக்கத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள்.

தேர்ச்சி பெறவில்லை என்றால், கையில் வரும் மதிப்பெண் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். சிஸ்கோ அறிக்கையில் எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். காம்ப்டியா, விட்ட தலைப்புகளையே பட்டியலாகத் தரும். அதை உங்கள் அச்செடுத்த தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "சொல்லித்தர முடியும்" என்று நீங்கள் குறித்த தலைப்பிலேயே மதிப்பெண் போயிருந்தால், அந்தத் தலைப்புக்கு நம்பிய பாடத்தை மாற்ற வேண்டும். குறிக்காமல் விட்ட தலைப்பில் போயிருந்தால் பாடம் சரிதான், உழைப்புத்தான் பாக்கி. சிசிஎன்ஏவை மீண்டும் எழுத 5 நாள் காத்திருக்க வேண்டும், அமேசானுக்கு 14 நாள், மைக்ரோசாஃப்ட்டில் முதல் முறைக்கு 24 மணி நேரம். காம்ப்டியாவில் இரண்டாம் முறைக்குக் காத்திருப்பு இல்லை, மூன்றாவதற்கு 14 நாள். எல்லாவற்றிலும் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும் என்பதால், காலக்கெடு முடிந்த மறுநாளே தேதி எடுக்காமல், அந்தத் தலைப்புகளின் லேப் எல்லாம் முடிந்த பிறகு எடுங்கள்.